இடிக்குச் சொல்ல வராத சொல்

கட்டபெட்டில் போன வியாழன் இடி விழுந்தது.
மின்சாரம் போய், உடனே வந்தது.
வாட்டும் தொட்டிகளின் காற்றாடிகள் மட்டும்
வரவில்லை.
எட்டாயிரம் கிலோ கொழுந்து
விடியும்வரை தன் சூட்டிலேயே வெந்து சிவந்தது.

குற்றவாளி, உள்ளங்கை அகலப் போர்டு.
எழுந்ததும் மூன்று நொடி அது காது கொடுக்கும்:
யாராவது விசையைத் தொட்டால் நிற்பேன்,
தொடாவிட்டால் வேலைக்குப் போவேன்.
அந்த மூன்று நொடிக்குள்
வெறுங்கம்பியில் இறங்கிய இடியின் இரைச்சலை
ஒரு விரல் என்று நம்பிவிட்டது.
சொல்லுங்கள், என்ன செய்யட்டும் என்று
இரவெல்லாம் கைகட்டி நின்றிருக்கிறது,
யாருமில்லாத அறையில்.
கம்பெனியில் இதைப் பிழை என்கிறார்கள்.
எனக்கு மரியாதையாகத்தான் பட்டது.

புது பூட்லோடரை மெமரி கார்டில் கொண்டுபோனேன்,
அரை எம்பிக்கும் குறைவு.
கோவையிலிருந்தே அனுப்பக் கூடாதா என்றார்
ஃபிட்டர் ஆல்துரை.
தூங்குகிறவனை ஃபோனில் எழுப்பலாம்,
பிறக்காதவனை?
சிரித்துவிட்டுத் தன் பிக்கப்பின் பேட்டரியைக்
கழற்றப் போனார்.
யுபிஎஸ் செத்து ஒரு வருஷமாம்.

மூன்று கம்பி.
அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, தரை ஒன்று.
பழையதை இருமுறை நகலெடுத்தேன்.
அதற்குள் கீழே லாரி வந்து நின்று
ஈரக் கொழுந்தோடு ஹாரன் அடித்தது.
பத்து நிமிஷம் என்று கத்தினேன்,
எதை நம்பிச் சொன்னேனோ.

அழி என்று தட்டினேன்.

அழிப்பது அந்தப் பழைய நிரலேதான்.
தற்காலிக நினைவில் ஒற்றைக்காலில் நின்றபடி
தன் வீட்டைத் தானே கழுவித் துடைக்கிறது.
ஏன் என்று கேட்கத் தெரியாது அதற்கு.
துடைத்த இடத்தைப் படித்துப் பார்த்தால்
சுழியம் இருக்காது:
ஒன்று, ஒன்று, ஒன்று, கண்ணுக்கெட்டியவரை ஒன்று.
ஃபிளாஷின் வெறுமை அப்படி நிரம்பிக் கிடக்கும்.
எழுதுவதென்றால்
சில ஒன்றுகளைக் கீழே தள்ளுவது.

அப்போது விளக்கு அணைந்தது.
கோத்தகிரிவரை அணைந்திருக்கும்,
மூட்டத்தில் எதுவும் தெரியவில்லை.
"கிளிப்புல பல்லு இல்ல,"
இருட்டிலிருந்து ஆல்துரை.
"அழுத்திப் பிடிச்சிருக்கேன், நீ எழுதும்மா."
அத்தனை பெரிய தொழிற்சாலையில்
உயிரோடிருந்தது ஒரு பச்சைப் புள்ளி.
அதற்குப் பின்னால் கிரீஸ் படிந்த
ஒரு கட்டைவிரல்.

நாற்பது சதம்.
லாரிக்காரன் பாட்டை நிறுத்தினான்.
எழுபது.
மூக்கு அரிக்குது என்றார், சொறியவில்லை.
நூறு.
திரும்பப் படித்தேன்.
கூட்டுத்தொகை ஒத்துப்போகவில்லை.

அவரிடம் சொல்லவில்லை.
படிக்கும் நீளத்தில் ஒரு சுழியம் விட்டிருந்தேன்.
அதைப் போட்டு மறுபடி படித்தேன்.
ஒத்துப்போனது.
இப்போ விடுங்க என்றேன்.
அவருக்கு விட மனசில்லை.
விட்டால்தான் அது செத்து எழும் என்றதும்
விரலை எடுத்தார்,
ஐந்து எண்ணி வைத்தார்.

புதியது எந்தத் தொடுகைக்கும் நிற்காது.
ஒரு சொல்லுக்குத்தான் நிற்கும்,
அந்தச் சொல்லை நாங்கள்தான் வைக்க வேண்டும்.
இடிக்குச் சொல்ல வராத மாதிரி ஒன்று சொல்லுங்க என்றேன்.
ஆல்துரை யோசித்து
படகு மொழியில் ஏதோ சொன்னார்.
எப்படி எழுதுவது?
"எங்க பாஷைக்கு ஏது எழுத்து,
உனக்குக் கேட்டபடி எழுது."

கேட்டபடி எழுதினேன்.
இனி அதைச் சரியாகச் சொல்ல அவரால்தான் முடியும்,
சரியாகத் தட்ட என்னால்தான்.

நாலு பத்துக்கு மின்சாரம் வந்தது.
மூன்று நொடி, யாரும் மூச்சு விடவில்லை.
பிறகு மேல்தளம் முழுக்கக் காற்று.
லாரிக்காரன் திட்டிக்கொண்டே
தார்ப்பாயை அவிழ்த்தான்.